கம்மி விலைல லேப்டாப் வாங்கி லினக்ஸ் போடணுமா? காசு குடுக்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துக்கோங்க

லினக்ஸ் (விண்டோஸுக்கு பதிலா போடுற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) போட ஒரு லேப்டாப் வேணும், கையில 20, 25 ஆயிரம் தான் இருக்கு, எதை வாங்கலாம்னு கேக்குறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது, புதுசு வேணாம். அந்த காசுக்கு புதுசா கிடைக்கிறது பெரும்பாலும் செலரான் மாதிரி ஒரு ப்ராசசர், போர்டோட சால்டர் பண்ணின ரேம், அதை ஏத்தவும் முடியாது, மூடிய ரெண்டு தடவை வேகமா தொறந்தா ஹின்ஜ் ஆட்டம் குடுக்குற பிளாஸ்டிக் பாடி. அதே காசுக்கு சில வருஷம் முன்னாடி கம்பெனிங்களுக்குன்னே செஞ்ச லெனோவா திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக் இதுல ஒண்ணு வாங்கிடலாம், அதெல்லாம் புதுசுல லட்சத்தை தொட்ட ஐட்டம். கீபோர்டுல கை வச்சாலே வித்தியாசம் தெரியும்.

ஆனா ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரியாம வாங்காதீங்க, இது எதுக்கு கம்மி விலைக்கு வருது? ஏன்னா விலை குறையுறதுக்கு ரெண்டு வகை காரணம் இருக்கு. ஒண்ணு நமக்கு சம்பந்தமே இல்லாத காரணம், இன்னொண்ணு வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம் நம்ம தலையில விடியுற காரணம். இந்த ரெண்டையும் பிரிக்கத் தெரிஞ்சா போதும், மிச்சமெல்லாம் பேரம்தான்.

நமக்கு சம்பந்தமில்லாத காரணம்

விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14 ஓட முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 11 போடணும்னா இன்டெல் ப்ராசசர்ல 8வது ஜெனரேஷனோ (சுருக்கமா ஜென்) அதுக்கு மேலயோ இருக்கணும், டிபிஎம் 2.0ங்குற பாதுகாப்பு சிப் இருக்கணும்னு மைக்ரோசாஃப்ட் ரூல் போட்டு வச்சிருக்காங்க. அதனால 6வது ஜென், 7வது ஜென் மெஷின் எல்லாம் நல்லா ஓடிட்டு இருக்கும்போதே ஆபீஸ்ல இருந்து மூட்டை மூட்டையா வெளிய வந்துடுச்சு. 8வது ஜென்னும் வருது, அது லீஸ் முடிஞ்சு வர்றது, கம்பெனிங்க சில வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா மாத்துவாங்க, அதை வியாபாரிங்க லாட்டா எடுத்து தொடச்சு, எஸ்எஸ்டி போட்டு விக்கிறாங்க. லினக்ஸுக்கு இந்த 8வது ஜென் ரூலும் கிடையாது, டிபிஎம்மும் கட்டாயம் கிடையாது. ஆக விண்டோஸ் ஏறாதுங்குறதால விழுந்த விலை நமக்கு சுத்தமான லாபம். வெளிநாட்டு லாட்டும் கலந்து வரும், அதுல கீபோர்டை மட்டும் ஒரு பார்வை பாத்துக்கோங்க, ஒய் இருக்குற இடத்துல இசட் இருந்தா அது ஜெர்மன் லேஅவுட், சில கடைல அது மேல ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருப்பாங்க, கை பழக்கத்துல டைப் பண்றவங்களுக்கு பரவாயில்ல, மத்தவங்களுக்கு தினமும் எரிச்சல்.

மூடி மேல கீறல், ஓரத்துல பெயின்ட் போனது, பழைய கம்பெனியோட அசெட் ஸ்டிக்கர் தடம், இதுவும் சம்பந்தமில்லாத காரணம் தான். ஏ கிரேடு, பி கிரேடுன்னு கடைக்காரங்க பிரிக்கிறது பெரும்பாலும் இந்த வெளித்தோற்றத்தை வச்சு. பி கிரேடு வாங்கி மிச்சம் பிடிச்ச காசுல ரேம் போடுறவன் தான் புத்திசாலி.

எந்த மாடல், எந்த ஜென்

கடைல முதல்ல சொல்றது "சார் இது ஐ7 சார்" தான். அந்த ஐ7ல மயங்கிடாதீங்க. பின்னாடி இருக்குற நம்பரைக் கேளுங்க. ஐ7-7600யூ னா 7வது ஜென், உள்ள ரெண்டு கோர் தான். ஐ5-8250யூ னா 8வது ஜென், நாலு கோர், எட்டு த்ரெட். இன்டெல் அந்த யூ சீரிஸ்ல ரெண்டுல இருந்து நாலு கோருக்கு போனதே 8வது ஜென்ல தான், அதனால பழைய ஐ7ஐ விட இந்த ஐ5 நல்லாவே ஓடும், விலையும் சில நேரம் கம்மியா இருக்கும். நம்பர்ல முதல் ஒண்ணு ரெண்டு இலக்கம் தான் ஜெனரேஷன், 6300 னா 6, 8350 னா 8, 10210 னா 10, 1135 னா 11.

என் கணக்கு இது தான். வெறும் பிரவுசர், டைப்பிங், பைதான் கத்துக்கிறது, இதுக்கு மட்டும்னா 6வது ஜென், 7வது ஜென் கூட தாராளம், அதுலயும் 7வது ஜென்னா யூட்யூப் வீடியோவோட விபி9 ஃபார்மட் டீகோடிங்கை ஹார்ட்வேரே பாத்துக்கும், ஃபேன் கத்தாது. டாக்கர், விர்ச்சுவல் மெஷின், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோன்னு போறவங்க 8வது ஜென்னுக்கு கீழ இறங்காதீங்க. ஏஎம்டில ரைசன் 5 ப்ரோ 4650யூ போட்ட திங்க்பேட் டி14 கிடைச்சா விடாதீங்க, ஆறு கோர், கிராஃபிக்ஸ் டிரைவர் கர்னல்லயே (லினக்ஸோட மையப் பகுதி) இருக்கு, ஆனா அது இந்த பட்ஜெட்டுக்கு கொஞ்சம் மேல தான் போகும்.

ரேம் ஸ்லாட் எத்தனைன்னு கண்டிப்பா பாருங்க, ஏன்னா 2025 கடைசில இருந்து ரேம் விலை ஏறின ஏத்தத்துல, 8 ஜிபில வாங்கி அப்புறமா பாத்துக்கலாம்ங்குற பழைய கணக்கு இப்ப உதைக்குது, முடிஞ்சா 16 ஜிபி போட்டதாவே வாங்கிடுங்க. திங்க்பேட் டி480, லேட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5, இந்த மூணுலயும் ரெண்டு ஸ்லாட். டி480எஸ் னு ஒரு எஸ் சேந்துச்சுன்னா ஒரு பங்கு ரேம் போர்டோட ஒட்டினது, ஒரு ஸ்லாட் தான் மிச்சம். எக்ஸ்270ல ஒரே ஸ்லாட். எக்ஸ்280, எக்ஸ்1 கார்பன் ரெண்டும் முழுசா சால்டர் பண்ணினது, வாங்கினது எவ்ளோவோ அவ்ளோ தான் கடைசி வரைக்கும். எக்ஸ்1 கார்பன் பாக்க ஜோரா இருக்கும், தூக்கினா இலகுவா இருக்கும், ஆனா 8 ஜிபில இருந்தா யோசிச்சு வாங்குங்க.

லினக்ஸ்காரங்க எல்லாரும் டி480, டி480னு புலம்புறதுக்கு காரணம் உண்டு. உள்ள ஒரு பேட்டரி, பின்னாடி கழட்டி மாட்டுற பேட்டரி ஒண்ணு, ஓடிட்டு இருக்கும்போதே பின்னாடி பேட்டரிய கழட்டி வேற போடலாம், ஸ்க்ரூக்களை தளர்த்தி அடிமூடிய தொறந்தா எல்லாமே கைக்கு எட்டுற மாதிரி இருக்கும். ஒரே ஒரு விஷயம், இந்த வரிசை மாடல்கள்ல தண்டர்போல்ட் (வேகமான யூஎஸ்பி சி போர்ட்) ஃபர்ம்வேர்ல, அதாவது சிப்புக்குள்ளயே இருக்குற சாஃப்ட்வேர்ல, பழைய கோளாறு ஒண்ணு இருந்துச்சு, லெனோவா அதுக்கு அப்டேட் விட்டாச்சு, அப்டேட் பண்ணாம ஓட்டின மெஷின்ல யூஎஸ்பி சி போர்ட் வேலை செய்யாம போக வாய்ப்பு இருக்கு. டி480 சார்ஜ் ஆகுறதே யூஎஸ்பி சி வழியா தான், அதுல ரெண்டு சி போர்ட் இருக்கு, ரெண்டுலயும் சார்ஜர் சொருகி பாத்துடுங்க.

விலைன்னு பாத்தா டி480 மாதிரி 8வது ஜென் மெஷின் சுமாரா 15,000ல ஆரம்பிச்சு 25,000 வரைக்கும் சொல்லுவாங்க, ரேம், எஸ்எஸ்டி, ஸ்க்ரீன் பொறுத்து. ஸ்க்ரீன் விஷயத்துல மட்டும் ஆயிரம் ரூபாய்க்கு கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஒரே மாடல்லயே 1366x768 டிஎன் பேனலும் (மட்டமான ஸ்க்ரீன் வகை) உண்டு, 1920x1080 ஐபிஎஸ்ஸும் (நல்ல வகை) உண்டு. கொஞ்சம் சாய்ச்சு பாத்தா கலர் வெளுத்து போச்சுன்னா டிஎன், அதை வைங்க கீழ.

எதை தவிர்க்கணும்னா, என்விடியா கிராஃபிக்ஸ் இருக்குறதை. கேம், ஏஐ வேலை எதுவும் இல்லன்னா அது நமக்கு தேவையே இல்லாத சூடு, தனி டிரைவர் போடணும், செக்யூர் பூட் (நம்பகமான சாஃப்ட்வேரை மட்டும் பூட் ஆக விடுற பாதுகாப்பு செட்டிங்) ஆன்ல இருந்தா அந்த டிரைவருக்கு தனியா சாவி பதியணும், ரொம்ப பழைய கார்டா இருந்தா புது டிரைவர்ல சப்போர்ட்டே நிறுத்தியிருப்பாங்க. அடுத்தது பிராட்காம் வைஃபை, அதுக்கு தனி டிரைவர் இறக்கணும், இறக்க நெட் வேணும், நெட்டுக்கு வைஃபை வேணும். பழைய மேக்புக் சீப்பா வருதுன்னு நிறைய பேர் போய் மாட்டுறது இங்க தான், 2018ல இருந்து வந்த டி2 சிப் மாடல்னா கர்னலையே மாத்தி போடணும். இன்டெல் வைஃபை கார்டு இருந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம். கைரேகை ரீடரை மட்டும் மறந்துடுங்க, பழைய திங்க்பேட்ல பாதிக்கு மேல அது நேரடியா வேலை செய்யாது, அதுக்காக விலை கூட குடுக்காதீங்க.

பென்டிரைவ் இல்லாம கடைக்கு போகாதீங்க

கத்திரிக்கா வாங்கினாலே காம்பை திருப்பி திருப்பி பாக்குற நாம, இருபதாயிரம் ரூபாய் பொருளை கடைக்காரர் விண்டோஸ் வால்பேப்பரை காட்டினதும் தலையாட்டிட்டு வாங்குறோம். வீட்லயே ஒரு 8 ஜிபி பென்டிரைவ்ல லினக்ஸ் மின்ட் இல்ல உபுண்டு (ரெண்டும் லினக்ஸ் வகை தான்) எழுதி எடுத்துட்டு போங்க. விண்டோஸ்ல இருந்து எழுத ரூஃபஸ்ங்குற டூல் போதும். இந்த ரெண்டும் செக்யூர் பூட் ஆன்ல இருந்தாலும் பூட் ஆகும், கடைல போய் செட்டிங்கோட மல்லுக்கட்ட வேண்டாம். கூடவே ஒரு வயர் இயர்ஃபோன், போனோட டேட்டா கேபிள், அவ்ளோ தான் ஆயுதம்.

சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட் தான், மெட்ரோல அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கினா நடந்துடலாம். ஞாயித்துக்கிழமை போய் ஷட்டரை பாத்துட்டு வராதீங்க, சனிக்கிழமை சாயங்காலமும் வேணாம், கூட்டத்துல உங்களுக்கு அரைமணி நேரம் மெஷினை விட்டுவைக்க எந்த கடைக்காரருக்கும் பொறுமை இருக்காது. வாரநாள்ல காலைல 11 மணி வாக்குல போங்க. உள்ள போனதும் நேரா சொல்லிடுங்க, "ண்ணா, நான் லினக்ஸ் போடப் போறேன், பென்டிரைவ்ல பூட் பண்ணி பாத்துட்டு புடிச்சிருந்தா இப்பவே எடுத்துக்குறேன்". "இப்பவே"ங்குற வார்த்தைல தான் விஷயமே இருக்கு. நல்ல கடைன்னா "பாருங்க சார், அங்க ப்ளக் பாயின்ட் இருக்கு"ம்பாங்க. "அதெல்லாம் பண்ணா வாரண்டி போயிடும்"னு யாராச்சும் சொன்னா, ஒண்ணும் விவாதம் பண்ணாதீங்க, பக்கத்து கடைக்கு போயிடுங்க. பென்டிரைவ்ல ஓட்டிப் பாத்தா உள்ள இருக்குற எதையும் அது தொடாது.

மெஷினை ஆன் பண்ணினதும் முதல்ல பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னாடியே வர்ற மெஷினோட செட்டிங் பக்கம். திங்க்பேட்ல எஃப்1, டெல்ல எஃப்2, எச்பில எஃப்10. பாஸ்வேர்ட் கேட்டுச்சுன்னா அங்கயே நிறுத்திடுங்க. "அது ஒண்ணுமில்ல சார், பேட்டரிய கழட்டி மாட்டினா போயிடும்"னு சொல்லுவாங்க, திங்க்பேட்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் அப்படியெல்லாம் போகாது, அது தனி சிப்ல உக்காந்திருக்கு, லெனோவாகிட்ட போனா மதர்போர்டையே மாத்தணும்பாங்க. அடுத்து செக்யூரிட்டி பக்கத்துல கம்ப்யூட்ரேஸ் இல்ல அப்சல்யூட்னு (காணாம போன மெஷினை கம்பெனி தேடுற வசதி) ஒரு வரி இருக்கும், அது டிசேபிள்னு இருந்தா நல்லது, ஆக்டிவேட் ஆகியிருந்தா பழைய கம்பெனி அந்த மெஷினை இன்னும் தன் கணக்குல இருந்து விடலன்னு அர்த்தம், அது முறையா வித்ததா, காணாம போனதா, நமக்கு எதுக்கு வம்பு. இது தான் நான் சொன்ன ரெண்டாவது வகை காரணம், இப்படி ஒரு மெஷின் மூவாயிரம் கம்மியா கிடைச்சா அந்த மூவாயிரம் டிஸ்கவுண்ட் இல்ல.

இதே கணக்குல வர்ற இன்னொண்ணு தமிழ்நாடு அரசோட விலையில்லா லேப்டாப். 2011ல ஆரம்பிச்ச அந்த திட்டத்துல விண்டோஸோட சேத்து மத்திய அரசு நிறுவனமான சி-டாக் செஞ்ச பாஸ் லினக்ஸும் போட்டு தான் குடுத்தாங்க, நிறைய பேர் முதல் நாளே அதை அழிச்சது வேற கதை. அதை யாராச்சும் வித்தா வாங்காதீங்க, மாணவர்களுக்குன்னு குடுத்த பொருள், விக்கக் கூடாது.

பயாஸ் ஓகேன்னா வெளிய வந்து பென்டிரைவ்ல பூட் பண்ணுங்க, திங்க்பேட், டெல் ரெண்டுலயும் எஃப்12, எச்பில எஃப்9. டெஸ்க்டாப் வந்ததும் வைஃபை லிஸ்ட் தெரியுதான்னு பாத்து உங்க போன் ஹாட்ஸ்பாட்ல கனெக்ட் பண்ணுங்க. தெரியலன்னா போனை கேபிள்ல சொருகி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணினா நெட் வந்துடும், டெர்மினல்ல (கட்டளை டைப் பண்ற விண்டோ) எல்எஸ்பிசிஐ (lspci) னு அடிச்சா என்ன கார்டுன்னு காட்டும்.

பேட்டரிக்கு டெர்மினல்ல யூபவர், ஒரு ஸ்பேஸ், மைனஸ் டி (upower -d). நிறைய வரி ஓடும், அதுல ரெண்டு நம்பர் தான் நமக்கு வேணும், எனர்ஜி ஃபுல் னு ஒண்ணு, எனர்ஜி ஃபுல் டிசைன் னு ஒண்ணு. டிசைன் 24 னு இருந்து ஃபுல் 15 னு காட்டினா, செய்யும்போது 24 வாட் அவர் புடிச்ச பேட்டரி இப்ப 15 தான் புடிக்குது, அதாவது 62 சதவீதம் தான் உயிர் இருக்கு. 70க்கு மேல இருந்தா சந்தோஷம், 50க்கு கீழன்னா பேட்டரி விலைய கழிச்சுட்டு பேசுங்க. இந்த நம்பரை கடைக்காரர்கிட்ட திருப்பி காட்டினீங்கன்னா "பேக்கப் மூணு மணி நேரம் வரும் சார்"ங்குற பேச்சு அதோட அடங்கிடும். அப்புறம் மெஷினை மூடி மேசை மேல வச்சு நாலு மூலையையும் அழுத்தி பாருங்க, ஆடுச்சுன்னாலோ, டச்பேட் ஒரு பக்கமா தூக்கிட்டு க்ளிக் ஆகாம கெட்டியா இருந்தாலோ உள்ள பேட்டரி உப்பியிருக்கலாம், அது விலை குறைக்கிற விஷயம் இல்ல, வேணாம்னு சொல்லிட்டு எழுந்திரிக்கிற விஷயம்.

எஸ்எஸ்டி பெரும்பாலும் கடைல மாத்தினதா தான் இருக்கும். டிஸ்க்ஸ்னு ஒரு ஆப் இருக்கு, தொறந்தா கம்பெனி பேரும் மாடல் நம்பரும் வரும். சாம்சங், டபிள்யூடி, ஹைனிக்ஸ், க்ரூஷியல் இப்படி வந்தா சரி, வாயில நுழையாத பேர் வந்தா "இதுக்கு பதிலா நல்லது போட்டு குடுங்க, வித்தியாசம் தர்றேன்"னு கேளுங்க, இல்ல எஸ்எஸ்டி இல்லாம என்ன விலைன்னு கேளுங்க, நாம எப்படியும் அழிக்கத் தான் போறோம். சில டெல் மெஷின்ல லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியாது, பயந்துடாதீங்க, பயாஸ்ல சாட்டா ஆபரேஷன் ரெய்டு ஆன்ல இருக்கும், அதை ஏஎச்சிஐக்கு மாத்தினா தெரியும்.

அடுத்து சார்ஜர். இதை யாரும் பாக்குறதில்ல. டெல் மெஷினுக்கு டெல் சார்ஜரோ, அது அடையாளம் கண்டுக்குற தரமான சார்ஜரோ தான் வேணும், டூப்ளிகேட் போட்டா ஆன் பண்ணும்போதே அடாப்டர் என்னன்னு தெரியலன்னு பயாஸ் மெசேஜ் போடும், மெஷின் ஓடும், ஆனா பேட்டரி ஏறாது, ப்ராசசரும் ஸ்பீடை குறைச்சுக்கும். கடைல டெஸ்டிங்குக்கு ஒரிஜினல் சார்ஜரை மாட்டி காட்டிட்டு பைல வேற சார்ஜரை போட்டு குடுத்து விடுறது எனக்கே ஒரு கடைல நடக்க பாத்துச்சு, கட்டி முடிச்ச பையை திருப்பி பிரிச்சு பாத்ததால தப்பிச்சேன். எந்த சார்ஜர் தர்றாங்களோ அதை மாட்டி தான் மொத்த டெஸ்ட்டும் பண்ணணும்.

மிச்சமெல்லாம் கை வேலை. டெக்ஸ்ட் எடிட்டரை தொறந்து ஒவ்வொரு கீயா அடிங்க, அம்புக்குறி, டெலீட், ஃபங்ஷன் கீ உட்பட. வெள்ளை பக்கம் ஒண்ணை ஃபுல் ஸ்க்ரீன்ல வச்சா அழுத்தின தடம், மஞ்சள் திட்டு, செத்த பிக்சல் எல்லாம் வெளிய வரும். ஒவ்வொரு யூஎஸ்பி ஓட்டைலயும் போனை சொருகி பாருங்க, இயர்ஃபோன், மைக், கேமரா. யூட்யூப்ல 1080ல ஒரு பாட்டு ஓட விட்டு, அது முடியுறதுக்குள்ள ஃபேன் எப்படி கத்துதுன்னு கேளுங்க. கடைசியா மூடிய மூடி ஒரு அஞ்சு நிமிஷம் விட்டு தொறங்க, தூங்கி எழுந்திரிச்சு வைஃபையோட வரணும், கருப்பு ஸ்க்ரீன்ல நின்னுச்சுன்னா அந்த மெஷினோட தினமும் சண்டை தான். சில திங்க்பேட் மாடல்ல பயாஸ்ல ஸ்லீப் ஸ்டேட்னு ஒரு இடம் இருக்கும், அதுல லினக்ஸ்னு மாத்தி திரும்ப பாருங்க, பல நேரம் சரியாயிடும்.

பில்லும் பேரமும்

டெஸ்டிங் வாரண்டின்னு சொன்னா ஒரு வாரம் பத்து நாள், சில கடைல ஆறு மாசம், ஒரு வருஷம் கூட குடுக்குறாங்க. எவ்ளோங்குறது முக்கியமில்ல, பில்லுல எழுதியிருக்கான்னு பாருங்க, மெஷினோட சீரியல் நம்பரும் சேத்து. கைல எழுதின துண்டு சீட்டு எதுக்கும் ஆகாது. ஜிஎஸ்டி பில் போட்டா விலை ஏறும்னு சொல்லுவாங்க, என்னை கேட்டா அந்த ஏத்தத்தை குடுத்துடுங்க. "லினக்ஸ் போட்டா வாரண்டி செல்லுமா"ன்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டு, ஹார்ட்வேருக்கு செல்லும்னு எழுதி வாங்கிக்கோங்க. பேரம் பேசுறப்போ மொத்தமா "கொஞ்சம் கொறைங்க"ன்னு இழுக்காம, பேட்டரி இவ்ளோ தான் இருக்கு, விண்டோஸ் எனக்கு வேணாம், பை வேணாம், மவுஸ் வேணாம்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சா சீக்கிரம் இறங்கி வருவாங்க.

ஆன்லைன் சேல்ல வாங்குறவங்களுக்கு

நவராத்திரி, தீபாவளி சமயத்துல வர்ற பெரிய சேல்ல 40 சதவீதம், 50 சதவீதம்னு போடுறது எம்ஆர்பில இருந்து கழிச்ச கணக்கு, அந்த எம்ஆர்பிக்கு அந்த லேப்டாப்பை யாரும் என்னைக்கும் வாங்கினது கிடையாது. அமேசான்னா கீப்பா மாதிரி விலை வரலாறு காட்டுற எக்ஸ்டென்ஷன் போட்டு போன சில மாசம் என்ன விலைக்கு போச்சுன்னு பாருங்க. பேங்க் கார்டு ஆஃபர் தான் நிஜமான தள்ளுபடி.

புதுசு தான் வேணும்னு பிடிவாதமா இருக்குறவங்க, டாஸ், ஃப்ரீடாஸ், உபுண்டு இப்படி போட்டு விக்கிற மாடல் இருக்கான்னு தேடுங்க, நம்ம ஊர்ல எச்பி, டெல், ஏசர்லாம் அப்படி வித்திருக்காங்க, விண்டோஸ் லைசன்ஸ் காசு நமக்கு மிச்சம். ஆனா டாஸ் போட்டதால மட்டும் லினக்ஸ்ல எல்லாம் ஓடிடும்னு அர்த்தம் இல்ல, அது விண்டோஸ் இல்லாம வருது, அவ்ளோ தான். உபுண்டு சர்டிஃபைட் ஹார்ட்வேர் லிஸ்ட்ல மாடல் பேரை போட்டு தேடி பாருங்க. புத்தம் புது ப்ராசசரா இருந்தா டெபியன் ஸ்டேபிள் மாதிரி நிதானமான டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) வேணாம், ஃபெடோரா போடுங்க, கர்னல் புதுசா இருந்தா தான் வைஃபையும் கிராஃபிக்ஸும் பிடிபடும். இன்டெல் 11வது ஜென்ல ஆரம்பிச்சு சில விலை கூடின மாடல்கள்ல ஐபியூ6 னு ஒரு கேமரா வருது, அது லினக்ஸ்ல ரொம்ப நாள் தலைவலி குடுத்துச்சு, தினமும் வீடியோ மீட்டிங் உள்ளவங்க அதை விசாரிச்சுட்டு வாங்குங்க.

ஆன்லைன்ல ரீஃபர்பிஷ்ட் எடுத்தா ரிட்டர்ன் எத்தனை நாள்னு பாத்துட்டு, பார்சல் பிரிக்கிறதுல இருந்து வீடியோ எடுங்க, கடைல பண்ண வேண்டிய டெஸ்ட் எல்லாத்தையும் அன்னைக்கே வீட்ல பண்ணிடுங்க. எல்லாம் ஓகேன்னு தெரியுற வரைக்கும் உள்ள இருக்குற விண்டோஸை அழிக்காதீங்க, திருப்பி அனுப்பும்போது அதையே சாக்கா சொல்லுவாங்க.

வீட்டுக்கு வந்ததும்

லினக்ஸ் இன்ஸ்டால் பண்றது இன்னைக்கு இருபது நிமிஷ வேலை, அதை நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல. அப்புறம் முதல் வேலை ஃபர்ம்வேர். எஃப்டபிள்யூயுபிடி (fwupd) னு ஒரு டூல், ரிச்சர்ட் ஹியூஸ்ங்குறவர் ஆரம்பிச்சது, லெனோவா, டெல், எச்பி மூணு பேருமே அது வழியா பயாஸ் அப்டேட் குடுக்குறாங்க, விண்டோஸே தேவையில்ல. நான் பிசினஸ் மாடலை வாங்கச் சொல்றதுக்கு இது பெரிய காரணம், சாதா மாடல்கள்ல பலதுக்கு பயாஸ் அப்டேட் பண்ணவே விண்டோஸை தேடி ஓடணும். பண்ணும்போது சார்ஜர் சொருகியிருக்கணும், பாதில எதையும் அமுக்காதீங்க.

அடுத்து பேட்டரி லிமிட். திங்க்பேட்னா டிஎல்பிங்குற (TLP) பேட்டரி டூலை போட்டு 80 சதவீதத்துல சார்ஜ் நிக்கிற மாதிரி வைங்க, புது க்னோம்லயும் கேடிஇலயும் (ரெண்டும் லினக்ஸ் டெஸ்க்டாப் வகை) செட்டிங்ஸ்லயே இது வந்துடுச்சு. மேசைல சொருகியே வச்சு ஓட்டுறவங்களுக்கு, ஏற்கனவே வயசான பேட்டரிக்கு இது ரொம்ப உதவும்.

தமிழ் டைப் பண்ண ஐபஸ் எம்17என் (ibus-m17n) பேக்கேஜை போட்டுட்டு லாக் அவுட் பண்ணி வந்தா, கீபோர்டு செட்டிங்ஸ்ல தமிழ்99, ஃபொனெடிக், டைப்ரைட்டர்னு எல்லாமே வரும், சூப்பர் கீயும் ஸ்பேஸும் அமுக்கினா மாறும். 1999ல சென்னைல நடந்த தமிழ்நெட் மாநாட்டுல முடிவான அதே தமிழ்99 தான், போன்லயோ விண்டோஸ்லயோ பழகினவங்களுக்கு ஒண்ணும் மாறாது. எழுத்து உடைஞ்சு தெரிஞ்சா நோட்டோ தமிழ் ஃபான்ட் போடுங்க. வீட்ல பழைய வானவில், பாமினி ஃபான்ட்ல டைப் பண்ணின ஃபைல் இருந்தா மட்டும், விண்டோஸ் மெஷின் கைல இருக்கும்போதே யூனிகோடுக்கு மாத்தி வச்சுக்கோங்க, லினக்ஸ்ல அந்த ஃபான்ட்டை தேடி எடுத்து போட்டும் ஓட்டலாம் தான், ஆனா ஒவ்வொரு ஃபைலுக்கும் எந்த ஃபான்ட்னு கண்டுபிடிச்சுட்டு உக்காந்திருக்கணும்.